கணபதியில் ஆறு வாரம்: நான் செய்த இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு ரிவ்யூ

படிக்கும்போது இரண்டு இன்டர்ன்ஷிப் செய்தேன். முதலாவதுக்கு நான் 1,499 ரூபாய் கட்டினேன். இரண்டாவது கோயம்புத்தூரின் கணபதி பகுதியில், ஒரு சின்னப் பம்பு கம்பெனியில். அங்கே ஆறு வாரம் முடிந்த அன்று ஓனர் அய்யா ஒரு கவரில் 3,000 ரூபாய் போட்டு, "பஸ் செலவுக்கு வெச்சுக்க அம்மிணி" என்று கொடுத்தார். இன்று வேறொரு பம்பு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கிறேன். அந்த வேலை இரண்டாவதிலிருந்து வந்தது. மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகும் ஜூனியர்கள் ஏப்ரல் வந்தால் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போவது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன்.

முதலாவதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே ஒரு மாதம், ஐஓடி (கருவிகளை இணையத்தோடு இணைக்கும் தொழில்நுட்பம்) இன்டர்ன்ஷிப் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு போஸ்டர் வந்தது. பணம் கட்டியதும் ஆஃபர் லெட்டர் வந்தது. அப்புறம் ஏற்கெனவே பதிவு செய்த நான்கு வீடியோ. குழுவில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். சந்தேகம் கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. சர்டிபிகேட்டை லிங்க்டுஇன்னில் போட்டால்தான் அடுத்த வீடியோ திறக்கும் என்றார்கள். மாதக் கடைசியில் தங்க நிற ஓரம் வைத்த சர்டிபிகேட் வந்தது. நான் எதையும் தொடவில்லை, நான் செய்ததை யாரும் பார்க்கவுமில்லை. அப்பா தேங்காய் விற்று அனுப்பிய பணம் அது. இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

இனி இரண்டாவது.

எனக்கு ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். படித்தது ட்ரிபிள் இ, அதாவது மின், மின்னணுப் பொறியியல். எங்கள் பாடத்திட்டத்தில் இரண்டு வாரப் பயிற்சிக்கு ஒரு கிரெடிட். கல்லூரி இரண்டு வாரம் போதும் என்றது, நான் ஆறு வாரம் கேட்டேன். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனிகளுக்கு 22 மெயில் அனுப்பினேன். ஒரு பதிலும் வரவில்லை. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட பெர்மிஷன் லெட்டரைப் பத்து நகல் எடுத்துக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காந்திபுரத்தில் இறங்கி கணபதிக்குப் போனேன். சின்னச் சின்னப் பட்டறைகள், லேத்துகள், ஃபவுண்ட்ரிகள், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் ஷெட்டுகள் என்று நிறைந்த தெருக்கள். ஒவ்வொரு கேட்டாகப் போய் லெட்டரை நீட்டினேன். ஒன்பதாவது இடத்தில்தான் "உள்ள வா, தண்ணி குடி" என்றார்கள்.

கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை. வருஷத்துக்கு இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். பெயர் போட்டால் இருநூறு போன் போகும், அந்த அண்ணன்மாருக்கு வேலை கெட்டுப்போகும். அதே தெருக்களில் அதே மாதிரி இடங்கள் இன்னும் பல உண்டு, நடந்தால் கிடைக்கும்.

முப்பது பேர்கூட இல்லாத கம்பெனி. முக்கியமாகச் செய்வது கிணற்றுக்குள் இறக்கும் ஓபன்வெல் சப்மெர்சிபிள் பம்பு. முதல் வாரம் எனக்கு வேலையே கொடுக்கவில்லை, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபீஸ் ஓரத்தில் ஒரு ஸ்டூல், கையில் பழைய கேட்டலாக். நான்காம் நாள் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் வைண்டிங் ஷெட்டில் ஒரு அக்கா வரவில்லை. "கம்பி பிடிக்க ஆள் வேணும், அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். அன்றைக்குத்தான் என் இன்டர்ன்ஷிப் ஆரம்பித்தது என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

வைண்டிங் செய்வது முழுக்கப் பெண்கள். தண்ணீருக்குள்ளேயே ஓடும் மோட்டார் என்பதால் பிவிசி உறை போட்ட தாமிரக் கம்பி. அதை மோட்டாரின் சுழலாத இரும்புப் பகுதியான ஸ்டேட்டரின் காடியில் ஒவ்வொரு சுற்றாக இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இழுக்கும்போது இரும்பு விளிம்பில் லேசாக உரசினால் போதும், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா எட்டாவது வரை படித்தவர். கம்பியைக் கண்ணால் பார்க்க மாட்டார், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஓடவிட்டே கீறலைக் கண்டுபிடிப்பார். சுற்றி முடித்த ஸ்டேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, அடுத்த நாள் கம்பி உறையில் மின்சாரம் கசிகிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெக்கர் வைப்பார்கள். நான் கம்பி பிடித்துக் கொடுத்த மூன்றில் ஒன்று, மெக்கரில் முள் பூஜ்யத்துக்கே வந்துவிட்டது. அந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் கம்பியை முழுக்க உருவ ஆரம்பித்தார். பாதி நாள் கூலி போச்சு. "எனக்கும் இதே ஆச்சு கண்ணு, மொத மாசம்" என்று மட்டும் சொன்னார். இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் என்று பரீட்சையில் ஆறு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது.

மூன்றாவது வாரம், பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டுக்கு அனுப்பினார்கள். இந்த ரிவ்யூவே அந்த இடத்துக்காகத்தான்.

தரையோடு தரையாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் பம்பை இறக்கி, மேலே வரும் குழாயில் ஒரு பிரஷர் கேஜ், அதைத் தாண்டி ஒரு கேட் வால்வு. தண்ணீர் போய் விழும் அளவுத் தொட்டியில் லிட்டர் கோடுகள். 250 லிட்டர் கோட்டைத் தொட 100 விநாடி ஆனால் பம்பு விநாடிக்கு 2.5 லிட்டர் தள்ளுகிறது என்று அர்த்தம். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, ஒவ்வொரு நிலையிலும் கேஜ், விநாடி, வோல்ட், ஆம்ப்ஸ், வாட்ஸ் எல்லாம் எழுத வேண்டும். ஒரு கிலோ பிரஷருக்குப் பத்து மீட்டர் ஹெட், அதாவது பம்பு தண்ணீரைத் தூக்கும் உயரம். மின்சாரம் ஏறி இறங்கினால் டிம்மரைத் திருப்பி வோல்ட்டைச் சரிக்கட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். கேஜ் முள் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதன் அடியில் இருக்கும் சின்னத் திருகைக் கால்வாசி மூடினால் நடுக்கம் அடங்கும் என்று டெஸ்ட் பெட் அண்ணன் காட்டினார். அது எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காதது.

அண்ணன் ஐடிஐ படித்தவர். இந்த டெஸ்ட் பெட்டிலேயே பதினெட்டு வருஷம். என்னை உட்காரவே விட மாட்டார். மூன்று நாள் அவர் எழுதுவதைப் பார்த்தேன், நான்காம் நாள் என்னையே எழுதச் சொன்னார். ஒன்றரை ஹெச்பி பம்பு. 28.6 மீட்டர் ஹெட்டில் ஓவரால் எஃபிசியன்சி (இழுத்த மின்சாரத்தில் தண்ணீரைத் தூக்கப் பயன்பட்ட பங்கு) 41 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் தாளை வாங்கி அரை நிமிஷம் பார்த்தார்.

"இந்த மாடலு 43க்குக் கொறையாதே அம்மிணி. கேஜ் எங்க இருக்குது, தண்ணி எங்க இருக்குது?"

எனக்குப் புரியவில்லை. டேப்பை எடுத்துக் கொடுத்து அளக்கச் சொன்னார். தொட்டித் தண்ணீர் மட்டத்திலிருந்து கேஜ் நடுவுக்கு 1.4 மீட்டர். பம்பு அந்த உயரத்துக்கும் தண்ணீரைத் தூக்கியிருக்கிறது. நான் அதைக் கூட்டவே இல்லை. கூட்டினால் சரியாக 30 மீட்டர், எஃபிசியன்சி 43.

பேனாவை எடுத்துத் திருத்தப் போனேன். அண்ணன் தாளைக் கொடுக்கவில்லை. "திருத்த வேண்டாம். மறுக்கா ஓட்டு. இந்தத் தாள்ல இருக்கறத நம்பித்தான் நேம் பிளேட்டு அடிப்பாங்க, அத நம்பித்தான் ஒரு விவசாயி காசு குடுப்பான்." திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. மதியச் சாப்பாடு தள்ளிப்போக, மொத்த டெஸ்டையும் முதலிலிருந்து ஓட்டினேன். புதுத் தாளில் 'சோதித்தவர்' என்ற கட்டத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதுவரை கல்லூரியில் நான் செய்த எந்த லேப் ரிக்கார்டையும் நம்பி யாரும் எதையும் செய்ததில்லை. என் கையெழுத்தை நம்பி ஒரு பொருள் வெளியே போகப்போகிறது என்றதும் கை நடுங்கியது.

இன்னொன்று. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அஞ்சு ஹெச்பி மோட்டார். நல்ல மழை பெய்து கிணறு நிரம்பும் வருஷம் பார்த்துத்தான் வைண்டிங் எரியும். அப்பா மழை ஈரம் என்பார், பக்கத்துத் தோட்டத்து மாமா கரன்ட் சரியில்லை என்பார். கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிட்டால் மோட்டாருக்கு வேலை குறைவுதானே, அது ஏன் எரிகிறது என்று எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு கேள்வி. டெஸ்ட் பெட்டில் ஒருநாள் மூடியிருந்த வால்வை நானே முழுக்கத் திறந்தேன். ஹெட் இறங்க இறங்க, ஆம்ப்ஸ் மீட்டர் ஏறிக்கொண்டே போனது. நான் எதிர்பார்த்தது நேர் எதிர். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஹெட்டு கொறஞ்சா தண்ணி ஜாஸ்தி தள்ளும். தண்ணி ஜாஸ்தின்னா ஆம்ப்ஸ் ஜாஸ்தி. இந்த மாதிரி பம்புக்கெல்லாம் அப்படித்தான்" என்றார்.

கிணறு நிரம்பினால் தூக்க வேண்டிய உயரம் குறைகிறது. நேம் பிளேட்டில் போட்ட ஹெட்டுக்கு ரொம்பக் கீழே போய்விடுகிறது. பம்பு அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளுகிறது, மோட்டார் சூடாகி எரிகிறது. அன்று ராத்திரியே அப்பாவுக்குப் போன் செய்து, மழைக்காலத்தில் கேட் வால்வைப் பாதி மூடி, ஆம்ப்ஸைப் பார்த்துவிட்டு ஓட்டச் சொன்னேன். கடையில் அவர் கேட்டு வாங்கியது ஹெச்பி மட்டும், ஹெட் ரேஞ்சை யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. அந்த மழைக்கும் அடுத்த மழைக்கும் மோட்டார் எரியவில்லை.

வேலைக்கான இன்டர்வியூவில் இதுதான் வந்தது. எதிரே மூன்று பேர். என் ரெஸ்யூமில் இரண்டு இன்டர்ன்ஷிப்பும் இருந்தன. ஐஓடி சர்டிபிகேட்டைப் பார்த்தார்கள், பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். 'பம்பு டெஸ்டிங், ஆறு வாரம்' என்ற வரியில் ஒருவர் விரலை வைத்தார்.

"டெஸ்ட் பெட்ல வால்வை முழுசாத் திறந்தா கரன்ட் கூடுமா, குறையுமா?"

எனக்கு முன்னால் போய்வந்தவர்கள் குறையும் என்று சொன்னதாக வெளியில் பேசிக்கொண்டார்கள். அடைப்பை எடுத்தால் சுமை குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் கூடும் என்றேன். ஏன் என்று கேட்டபோது அப்பாவின் கிணற்றைச் சொன்னேன். அப்புறம் பையில் இருந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். 41 பம்புகளின் ரீடிங், அடித்தல் திருத்தலோடு. 1.4 மீட்டர் விட்டுப்போன அந்தத் தாளையும் ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் நடுவில் இருந்த பெரியவர் சிரித்தார். மற்ற கேள்விகள் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டன.

உடனே நிரந்தர வேலை என்று நினைத்துவிட வேண்டாம். முதல் வருஷம் நாட்ஸ் அப்ரென்டிஸ். 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் உள்ள ஒரு வருஷப் பயிற்சி அது. நான் சேர்ந்தபோது பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். முடித்தால் சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டல அப்ரென்டிஸ் வாரியம் சர்டிபிகேட் தரும். அந்த வருஷத்துக்குப் பிறகுதான் என்னை நிரந்தரமாக எடுத்தார்கள். இதற்கு நாட்ஸ் தளத்தில் பதிவு செய்ய ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தையும் சிலர் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் அது தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரை, பெரிய கம்பெனிகளில் 12 மாதம், மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அப்போது அதில் இடமில்லை. ஆகவே கோடை விடுமுறைக்கு அதை நம்ப முடியாது, படித்து முடித்த பிறகு பார்க்கலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரிய குறை பணம். கணபதியில் லேடீஸ் ஹாஸ்டல், சாப்பாட்டோடு மாதம் 6,500 ரூபாய். சேஃப்டி ஷூ 650, அதை நானே வாங்கிக்கொண்டேன், கம்பெனி கொடுத்திருக்க வேண்டும். ஆறு வாரத்துக்குச் செலவு பத்தாயிரத்தைத் தாண்டியது, கைக்கு வந்தது கடைசியில் அந்த 3,000. எங்கள் வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்த ஒரு தோழி, விடுமுறையில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் இன்டர்ன்ஷிப் செய்யவே முடியவில்லை. வீட்டில் அந்த இரண்டு மாதச் சம்பளம் தேவைப்பட்டது. கையில் காசு இருப்பவர்களுக்கு மட்டும் டெஸ்ட் பெட் கிடைக்கிறது என்றால் அது நியாயமில்லை. சின்னக் கம்பெனிகளால் பெரிய தொகை கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாணவர் மூன்றாவது வாரத்திலிருந்து நிஜமாகவே வேலை செய்கிறார். ஹாஸ்டல் செலவையாவது கொடுக்கலாம். இதை ஓனர் அய்யாவிடமும் நேரில் சொன்னேன். அடுத்த வருஷம் வந்த பையனுக்கு மதியச் சாப்பாடும் வாரம் 1,000 ரூபாயும் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு குறை, கல்லூரிக்கும் கம்பெனிக்கும் நடுவே பேச்சே இல்லை. என்னை ஒருநாள்கூட யாரும் வந்து பார்க்கவில்லை. அறிக்கையில் எத்தனை பக்கம் என்று கேட்டார்கள், என்ன செய்தாய் என்று கேட்கவில்லை.

இத்தனைக்கும் இந்த ஊருக்கு இது புதுசு இல்லை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின்மோட்டார் செய்த ஊர். ஜி.டி. நாயுடு 1945இல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தவர், அதற்கு முதல்வராகவும் இருந்தார். நான்கு வருஷம் எதற்கு, இரண்டு வருஷத்தில் கையால் செய்து கற்றுக்கொள்ளலாம் என்று வாதாடி, அரசு ஒத்துக்கொள்ளாததால் வெளியேறினார். பிஎஸ்ஜி டெக்கில் கல்லூரியை ஒட்டியே பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்கூடம் இருக்கிறது, படிப்பும் தொழிற்கூட வேலையும் கலந்த சாண்ட்விச் பொறியியல் படிப்பும் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தவர்களுக்கு நல்லது. எங்களைப் போல மற்ற கல்லூரிகளில் படிப்பவர்களுக்குக் கணபதித் தெருதான் தொழிற்கூடம்.

யாருக்கு இது ஒத்துவரும்? பம்பு, மோட்டார், உற்பத்தி, தரப் பரிசோதனை பக்கம் போக நினைக்கும் ட்ரிபிள் இ, மெக்கானிக்கல் மாணவர்களுக்கு நிச்சயம் ஒத்துவரும். டிப்ளமோ பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக. சாஃப்ட்வேர்தான் என்று முடிவு செய்துவிட்டவர்கள் அதற்குத் தகுந்த சின்னக் கம்பெனியைத் தேடுங்கள், ஆனால் பணம் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். பெண் பிள்ளைகளின் வீட்டில் பயப்படுவார்கள். என் அம்மா முதல் நாள் கூடவே வந்து, வைண்டிங் ஷெட்டில் அக்காமாரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறினார். நீங்களும் அப்படிக் கூட்டிக்கொண்டு போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

போவதென்றால் ஏப்ரல் இரண்டாவது வாரமே போங்கள், மே மாதம் போனால் இடம் இருக்காது. தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள் போக வேண்டாம், பாதி ஷட்டர் மூடியிருக்கும். காலை டீ நேரம் முடிந்து பத்தரை மணிக்குப் போனால் ஓனர்கள் இருப்பார்கள். பெர்மிஷன் லெட்டரில் இரண்டு வாரம் என்று போடாமல் ஆறு வாரம் என்று கேட்டு வாங்குங்கள். முதல் வாரம் ஸ்டூலில் உட்கார வைத்தால் திரும்பி வந்துவிடாதீர்கள், எழுந்து போய்க் கம்பி பிடியுங்கள். அப்புறம் ஒரு நீள நோட்டு, கட்டம் போட்டது. தனித்தனித் தாளில் எழுதினால் டெஸ்ட் பெட் அண்ணனுக்குப் பிடிக்காது. நனைந்தால் பரவும் மை வேண்டாம், பால்பாயின்ட் பேனா எடுத்துப் போங்கள்.